சளி சொன்ன சாட்சி

சளின்னு சொன்னாலே நாம முகம் சுளிப்போம். ஆனா காசநோய் வரலாற்றுல, டாக்டர்களோட நம்பிக்கையையே மாத்தின சாட்சி அதுதான். அந்தக் கதையில நம்ம சென்னைக்கும் பெரிய பங்கு இருக்கு.

1882 மார்ச் 24. பெர்லின்ல ராபர்ட் கோக், காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று அறிவித்தார். அதுவரை அதைப் பரம்பரை நோய்னு நம்பின மருத்துவர்கள் ஐரோப்பாவுல நிறைய பேர். கோக் நோயாளிகளோட சளியிலேயும் அந்தக் கிருமியைப் பார்த்திருந்தார்.

அதைப் பார்ப்பது சுலபமில்லை. கிருமியைச் சுத்தி மெழுகு மாதிரி ஒரு உறை. சாயம் லேசுல ஏறாது. எர்லிக், ட்சீல், நீல்சன் ஆகியோர் அடுத்த ஓரிரு ஆண்டுகள்ல அதுக்கு வழி கண்டார்கள். சளியை ஸ்லைடுல தடவி, சிவப்புச் சாயம் ஊத்தி, சூடு காட்டி, அப்புறம் அமிலத்தால கழுவணும். மத்ததெல்லாம் வெளுத்துடும். ஒருமுறை ஏறின சாயத்தை இந்தக் கிருமி மட்டும் விடாது. நீலப் பின்னணியில சிவப்புக் குச்சியாத் தெரியும்.

நோயைக் கண்டுபிடிக்க முடிஞ்சது, குணப்படுத்த மருந்து இல்லை. அதனால சானடோரியம்: நல்ல காத்து, ஓய்வு, சத்தான சாப்பாடு. 'தாம்பரம் சானடோரியம்'னு ரயில்வே ஸ்டேஷன் இருக்கே, அந்தப் பேர் 1928-ல டாக்டர் சௌரி முத்து தொடங்கின காசநோய் மருத்துவமனையால வந்தது.

1950-கள்ல நல்ல மருந்துகள் கைக்கு வந்துடுச்சு. ஆனா இந்தியாவுல நோயாளிகள் லட்சக்கணக்குல, படுக்கைகளோ ஆயிரக்கணக்குல. வீட்டுல வெச்சே மருந்து கொடுத்தா போதுமா? குடும்பத்துக்குப் பரவாதா?

இதைச் சோதிக்க 1956-ல சென்னை சேத்துப்பட்டுல ஒரு ஆய்வு மையம் தொடங்கினாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்த முயற்சி. வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். 193 நோயாளிகளை, சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி ரெண்டாப் பிரிச்சாங்க. பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் அவங்கவங்க வீட்டுக்கு. ரெண்டு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

வீட்டுல இருந்தவங்களுக்கு நெருக்கமான குடியிருப்பு, குறைஞ்ச சாப்பாடு. சானடோரியத்துல இருந்தவங்கதான் எடை அதிகம் கூடினாங்க. உடம்பை மட்டும் பார்த்திருந்தா தீர்ப்பு அவங்க பக்கம் போயிருக்கும். ஆனா ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சளியை எடுத்து, அதுல கிருமி வளருதான்னு பார்த்தாங்க. வருஷக் கடைசியில நோய் அடங்கினவங்க சானடோரியத்துல 92 சதவீதம், வீட்டுல 86 சதவீதம். இவ்வளவு வசதிக் குறைவுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். வீட்டுல இருந்தவங்களோட குடும்பத்துல நோய் கூடுதலாப் பரவவும் இல்லை.

1959-ல முடிவுகள் வெளிவந்தன. சானடோரியக் காலம் முடிவுக்கு வர இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். என்னைப் பொறுத்தவரை இதோட அர்த்தம் எளிமையானது: காசநோய் வந்த ஒரு தாய், பிள்ளைகளை விட்டு ஒரு வருஷம் பிரிஞ்சிருக்க வேண்டாம்.

சளிக்கும் வரம்பு உண்டு. ஒரு மில்லி சளியில சில ஆயிரம் கிருமியாவது இருந்தாத்தான் மைக்ரோஸ்கோப்புல சிக்கும். சின்னக் குழந்தைகள் சளியைத் துப்பாம விழுங்கிடுவாங்க. 2010-ல உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த மரபணுச் சோதனை, குறைஞ்ச கிருமியையும் சுமார் ரெண்டு மணி நேரத்துல காட்டிடும். ஆனா அந்த மெஷினுக்குள்ள போறதும் பெரும்பாலும் அதே சளிதான்.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா, அரசு மருத்துவமனையில சளி டெஸ்ட் இலவசம். டப்பாவுல எச்சில் துப்பினா பிரயோஜனமில்லை. ஆழமா மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்கணும். கூச்சப்படாம கொண்டு போய்க் கொடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.