வட்ட ரம்பமும் சாய்வெட்டும்

இரு சட்டங்களை 45 பாகைச் சரிவில் அறுத்து, அறுத்த முகங்களைக் கூட்டிச் செங்கோண மூலை அமைப்பது, தச்சுத் தொழிலில் கண்ணுக்கு எளிதாகவும் கைக்கு அரிதாகவும் உள்ள காரியம். அதிலும், வைரம் பாய்ந்த கனத்த மரத்தை மேசை ரம்பத்தில் இட்டு அறுத்தவர்கள், அளவு பிசகாமல் வைத்தும் மூலையின் மேற்புறம் கூடி அடிப்புறம் வாய் பிளந்து நிற்பதைக் கண்டு மனம் சலிப்பது இன்றளவும் நிகழ்வதே. இதன் காரணத்தை அறிய விரும்புவோர், அந்த யந்திரம் எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்பதைச் சரித்திரத்தில் சற்றே பின்னோக்கிக் காண்பது பிரயோஜனமுடையது.

இங்கிலாந்தில் சௌதாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777-இல் பெற்ற காப்புரிமையில், மேசை ரம்பத்தின் தகடாக இன்று சுழலும் வட்ட ரம்பம் இடம்பெறுகிறது. அதே ஊரில், கடற்படைக்குக் கப்பிகள் செய்து வந்த டெய்லர் குடும்பத்தாரின் பட்டறையிலும் அது சுழன்றது. பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றுக்கே ஏறத்தாழ ஆயிரம் கப்பிகளும், கடற்படை முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சமும் வேண்டியிருந்த காலம் அது. பொறியாளர் மார்க் பிரூனல் தமது புதிய யந்திரத் திட்டத்தை அக்குடும்பத்தாரிடம் கொண்டு சென்றபோது, தம் முறையினும் மேலானது இருக்க முடியாதென்று அவர்கள் மறுத்துவிட்டனர். பின்னர் கடற்படை அதிகாரி சாமுவேல் பெந்தம் ஆதரவளிக்க, ஹென்றி மாட்ஸ்லே யந்திரங்களைச் செய்தளிக்க, போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் எழுந்த ஆலை 1808-இல் 1,30,000 கப்பிகளை உற்பத்தி செய்தது.

அந்த ஆலையில் எல்ம் மரத்தைத் துண்டமாக்குவதோடும், துண்டங்களின் மூலைகளை அறுத்தெடுப்பதோடும் ரம்பத்தின் கடமை முடிந்தது. துளையிடவும், காடி எடுக்கவும், உருக்கொடுக்கவும் வேறு வேறு யந்திரங்கள் காத்திருந்தன. கையால் உழைத்த தச்சரின் மரபும் இதற்கு மாறானதன்று. அவர் சாய்வெட்டைக் கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்து, பிறகு 45 பாகைக்கு அமைத்த பலகையில் அச்சட்டத்தை அணைத்து வைத்து, இழைப்புளியால் மெல்லிய சீவலாகச் சீவியே முகத்தை நேராக்கினார். மேசையைச் சாய்ப்பதற்குப் பதிலாகத் தகட்டையே சாய்க்கும் யூனிசா போன்ற ரம்பங்கள் 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றியபின், அறுப்பும் செப்பமும் ஒரே வீச்சில் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் வலுப்பெற்றது.

அந்த நம்பிக்கையைக் கனமரம் கடுமையாகச் சோதிக்கிறது. தகடு செங்குத்திலிருந்து அரைப் பாகை விலகினால், 20 மில்லிமீட்டர் கனத்தில் பிழை 0.2 மில்லிமீட்டரை எட்டாது. 50 மில்லிமீட்டர் கனத்திலோ 0.4-ஐக் கடக்கும், இரு துண்டுகளிலும் ஒரே பக்கமாக நேர்ந்தால் மூலையின் இடைவெளி இருமடங்காகும். கோணத்தில் கால் பாகை தவறினாலும், நான்கு மூலைகளுக்குரிய எட்டு வெட்டுகளில் அது இரண்டு பாகையாகத் திரண்டு, கடைசி மூலையைக் கூடவிடாது. மேலும், சாய்வாக வைத்த சட்டத்தைப் பற்கள் தாக்கும்போது, அது அணைகட்டையின் வழியே மெல்ல வழுகுகிறது; மழுங்கிய பல்லுடைய மெல்லிய தகடு வன்மரத்தின் எதிர்ப்பில் வளைந்துகொடுக்கிறது; மரத்தைத் தள்ளிச் செல்லும் சாய்கோண அளவி ஓடும் மேசைக் காடிக்குத் தகடு இணையாக நில்லாவிடின், பின்பற்கள் அறுத்த முகத்தை மீண்டும் உராய்ந்து கருந்தழும்பு இடுகின்றன.

ஆதலின், குறை தேடுபவர் மின்தொடர்பை அகற்றிவிட்டு, ஒரு பல்லுக்கு அடையாளமிட்டு, அது முன்னும் பின்னும் நிற்கும் இடங்களில் காடிக்குள்ள தூரத்தை ஒப்பிட வேண்டும். மூலைமட்டத்தால் செங்குத்தைப் பார்க்க வேண்டும். மரத்தைக் கிளாம்ப் இட்டு இறுக்கி, கூரிய பற்களால் நிதானமாக அறுக்க வேண்டும். இவ்வளவும் செய்தபின்னும் ஒரு மயிரிழை மிகுதியாக விட்டு, இறுதி முகத்தை இழைப்புளிக்கு ஒப்படைப்பது உத்தமம். பிளப்பது ரம்பத்தின் தொழில், நேராக்குவது இழைப்புளியின் தொழில் என்று முன்னோர் பங்கிட்டது யந்திரம் இல்லாத குறையால் மட்டுமன்று, மரத்தின் சுபாவத்தை அறிந்த விவேகத்தாலும் ஆகும். அந்தப் பங்கீட்டைக் கைவிடாத பட்டறையிலேயே கனமரத்தின் மூலை பிளவின்றிக் கூடும்.