யோபுவின் கதை சொன்ன கைதி

புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சில் படித்த என் நாக்குக்கு அவர் ‘த லனுவா’. நம்மூரார் ‘வலிய கப்பித்தான்’ என்றார்கள். 1741 குளச்சல் போரில் டச்சுக்காரர் பக்கம் நின்று தோற்று, மார்த்தாண்டவர்மா மகாராஜாவிடம் கைதியானவர். பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தார்.

நட்டாலம் நீலகண்ட பிள்ளை அரண்மனை உத்தியோகஸ்தர். மாடுகள் செத்தன, விளைச்சல் போயிற்று. மனம் இடிந்திருந்தவரிடம் டிலனாய் விசாரித்து, யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வரலாறு. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தவரை சரி. வாய் திறந்து நியாயம் பேசியதும்தான் கெட்டது. (குமாஸ்தாவாக இருந்த எனக்கும் அந்த வாய் உண்டு. கஷ்டம் சொல்லி வந்தவரிடம் ரூல் சொல்லியிருக்கிறேன்.) டிலனாய் அப்படிப் பேசாததற்குக் காரணம், தாமும் எல்லாம் இழந்து அந்நிய மண்ணில் நின்றவர் என்பதே என்று எனக்குப் படுகிறது.

பிள்ளை மேலும் கேட்டபோது தாமே குருவாகிவிடவில்லை. வடக்கன்குளம் புத்தாரி சாமியாரிடம் அனுப்பினார். 1745-இல் ஞானஸ்நானம். பெயர் லாசர், தமிழில் தேவசகாயம். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் ரோமாபுரியில் புனிதர் பட்டம்.

படை நடத்தியவருக்குச் சிநேகிதரைக் காப்பாற்ற முடியவில்லை. அதே ராஜ்யத்தில் இன்னும் 25 வருஷம் இருந்து, 1777-இல் இறந்தார். தேவசகாயம் பிள்ளை கோட்டாறு சவேரியார் கோயிலில். கப்பித்தான் உதயகிரியில், கல்லறைமேல் லத்தீனிலும் தமிழிலும் வெட்டியிருக்கிறது.