ஆறே ஆறு நாற்காலி!

1968, ஆகஸ்ட். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றொரு சின்ன ஊர். கேரி கைகாக்ஸ் என்கிற போர் விளையாட்டுப் பிரியர் 50 டாலருக்கு ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்தார். சுமார் 100 பேர் வந்தார்கள். பொம்மைச் சிப்பாய்களை நகர்த்தி ஆடினார்கள். அதுதான் 'ஜென் கான்'. பிற்பாடு இன்டியானாபொலிஸ் நகரத்துக்குக் குடிபோன அந்த விழாவில், 2023-ல் கூட்டம் 70,000-ஐத் தாண்டியது!

சிக்கல் எங்கே தெரியுமா? 1974-ல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மாதிரி விளையாட்டுகளில், கதையை நடத்த ஒருவர். ஆட ஐந்தாறு பேர். அவ்வளவுதான்! ஏழாவது ஆள்? 'முந்தினவருக்கே இடம்' என்றால், வேகமான இன்டர்நெட் வைத்திருப்பவர் தட்டிக்கொண்டு போய்விடுவார். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் என்ன பாவம் செய்தார்?

ஆகவே, சில விளையாட்டு மாநாடுகளில் குலுக்கல். விருப்பங்களை வரிசைப்படுத்தி, கெடுவுக்குள் கொடுத்தால் போதும். கம்ப்யூட்டர் பெயர்களைக் குலுக்கிப்போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிடும். உங்கள் முறை வரும்போது, உங்கள் பட்டியலில் மேலிருந்து பார்த்து, இடமிருக்கும் முதல் விளையாட்டு உங்களுக்கு. அடுத்த சுற்றில் வரிசையைத் தலைகீழாக்குவதும் உண்டு. (கடைசியில் நின்றவரும் மனுஷன்தானே!) நான்கு நண்பர்கள் ஒரே சீட்டாகச் சேர்ந்து போட்டால் கொஞ்சம் கஷ்டம். ஒரே மேஜையில் நான்கு இடம் மிஞ்சியிருக்க வேண்டுமே!

இடமே கிடைக்காதவர்? ஜென் கானில் 'ஜெனரிக் டிக்கெட்' என்று ஒன்று விற்கிறார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு மேஜை ஓரமாக நிற்கலாம், இடம் பிடித்தவர் யாராவது ஹோட்டல் ரூமில் அசந்து தூங்கிப்போயிருக்க மாட்டாரா என்று!