பாரியோ அரிசி: மரபு விவசாயம் நிலைக்க நிதி எங்கே போக வேண்டும்?

நம் பேரங்காடிகளில் 'பாரியோ அரிசி' என்ற பொட்டலம் மற்ற அரிசியைவிட மிக உயர்ந்த விலையில் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சிறிய மணி; சோறு மென்மையாக இருக்கும். இதை விளைவிப்பவர்கள், சரவாக்கின் வடகிழக்கில் கலிமந்தான் எல்லையை ஒட்டிய மலைநாட்டில் வாழும் கெலாபிட் பூர்வகுடி மக்கள்.

எப்படிப் பயிரிடுகிறார்கள்?

பாரியோ கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே உள்ளது. அங்குள்ள குளிரில் நெல் முற்ற ஏறக்குறைய 6 மாதம் ஆகும். அதனால் ஆண்டுக்கு ஒரே போகம்தான். காட்டிலிருந்து இறங்கும் ஓடைநீரை வாய்க்கால் வழியாக வயலுக்குத் திருப்புகிறார்கள். அறுவடை முடிந்ததும் எருமைகளை வயலில் விடுவது வழக்கம். அவை தாளை மேய்ந்து, களையை மிதித்து, சாணத்தையும் விட்டுச் செல்லும். அடுத்த நடவுக்கு அதுவே உழவு, அதுவே உரம். விதை நெல்லையும் சொந்த அறுவடையிலிருந்தே எடுத்து வைக்கிறார்கள்.

சிக்கல் எங்கே?

நாற்று நடுவதும் கதிர் அறுப்பதும் கைவேலை. அக்கம்பக்கத்தார் கோத்தோங் ரோயோங் முறையில் ஒருவர் வயலில் ஒருவர் இறங்கினால்தான் பருவத்திற்குள் முடியும். ஆனால் படிப்பும் வேலையும் தேடி இளையோர் மீரிக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். தோட்டங்கள் காலியானதைக் கண்ட நமக்கு இந்தக் கதை புதிதல்ல. வயலில் நிற்பவர்களில் பலர் முதியவர்கள். ஆள் பற்றாக்குறையால் அண்மை ஆண்டுகளில் சில வயல்களுக்கு இயந்திரங்களும் வந்துவிட்டன. மீரிக்கு அரிசியைக் கொண்டுபோகச் சிறிய விமானம், இல்லையென்றால் கரடுமுரடான வெட்டுமரப் பாதை. அந்தச் செலவும் விலையில் ஏறுகிறது.

என்னென்ன உதவி உண்டு?

முதலாவது, பெயருக்கான பாதுகாப்பு. 2008-இல் பாரியோ அரிசிக்குப் புவிசார் குறியீடு பதிவானது. சரவாக் மிளகுக்கும் சபா தேயிலைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இது. வேறு இடத்து அரிசியை இந்தப் பெயரில் விற்க முடியாது. பதிவை 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் கிராயானில் விளையும் ஆடான் அரிசிக்கு இந்தோனேசியா 2012-இல் இதே குறியீட்டைத் தந்தது. இரு பக்க மலைவாழ் மக்களும் 2004-இலேயே 'ஃபோர்மாடாட்' என்ற கூட்டமைப்பை அமைத்துவிட்டார்கள்.

இரண்டாவது, சமூக மானியம். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992-இல் தொடங்கியது, மலேசியாவிலும் செயல்படுகிறது. ஒரு திட்டத்திற்குக் குறிப்பிட்ட வரம்பு வரை தொகை கிடைக்கும். தனி ஆளுக்குத் தரமாட்டார்கள். சமூகக் குழுக்களும் அரசு சாரா அமைப்புகளும்தான் விண்ணப்பிக்கலாம். ஐ.நா.வின் அனைத்துலக வேளாண் மேம்பாட்டு நிதியமும் பூர்வகுடி மக்களுக்கென்றே தனி மானியம் வைத்திருக்கிறது.

எது நிலைக்கும்?

குறியீடு விலையைக் காக்கும். வயலில் இறங்கும் கையைத் தராது. இயந்திரம் வேலையைக் குறைக்கும். ஆனால் எருமை செய்யும் வேலை முழுவதையும் அது செய்யாது. உழும், உரம் போடாது. எருமைக்குப் பதில் இயந்திரம் என்றால் உரத்தையும் காசு கொடுத்து வாங்க வேண்டிவரும். பிறகு அது மரபு விவசாயமாக இருக்காது.

ஆகவே நிதி முதலில் போக வேண்டிய இடங்கள் மூன்று: வாய்க்காலும் அதற்கு நீர் தரும் காடும், எருமையும் அதன் வேலியும், ஊருக்குத் திரும்ப நினைக்கும் இளையவருக்கு முதல் அறுவடை வரை தாங்கும் வருமானம். இவை சிறு தொகையில் முடியக்கூடியவை. மானியம் நின்ற பிறகும் பயன் தருபவை.

வாங்குபவர்களும் ஒன்று செய்யலாம். பொட்டலத்தில் பாரியோ என்ற பெயர் மட்டும் போதாது. விளைந்த இடமும் புவிசார் குறியீட்டு முத்திரையும் உள்ளனவா என்று பார்த்து வாங்குங்கள். போலிக்குக் கொடுக்கும் ரிங்கிட் அந்த வயலுக்குப் போய்ச் சேராது.