நாரையின் மீது விழுந்த பழி

2021ஆம் ஆண்டு சனவரி மாதம். இமாசலப் பிரதேசத்தின் பாங் அணையில் வலசை வந்த வாத்துகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. கேரளத்திலும் பறவைக் காய்ச்சல் என்று செய்தி பரவியது. அந்நாட்களில் இணையவழி வகுப்பொன்றில் சத்திமுத்தப் புலவரின் நாரைவிடு தூதை நடத்திக்கொண்டிருந்தோம். மதுரையில் குளிரில் வாடிய அப்புலவர், வடக்கு நோக்கிப் பறக்கும் செங்கால் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பும் பாட்டு அது. மாணவர் ஒருவர் குறுக்கிட்டார்: "ஐயா, அந்தக் காலத்தில் சேதி கொண்டுபோனது. இப்போது நோய் கொண்டுவருகிறது. நம் முகத்துவாரத்துக்கு வருபவற்றை விரட்டிவிட்டால் என்ன?"

சத்திமுத்தம் குடந்தைக்கு அருகிலுள்ள ஊர். குடந்தையை ஒட்டி ஓடும் அரசலாறுதான் காரைக்காலில் கடல் சேர்கிறது. ஆகவே வினா நம் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. விடை தேடிச் சென்றபோது, பறவைகளின்மீது இப்பழி விழுவது முதன்முறையன்று என்பதை அறிந்தோம்.

1957ஆம் ஆண்டில் அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டோரச் சிற்றூர்களின் மக்களும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர். புனேயிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தினர் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தபோது வியப்பொன்று காத்திருந்தது. அது ரஷ்யாவிலும் சைபீரியாவிலும் உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸ்களுக்கு நெருங்கிய உறவாக இருந்தது. சைபீரியா எங்கே, சிமோகா எங்கே! இரண்டையும் இணைப்பவை வலசைப் பறவைகளே. அவற்றின் இறகுக்குள் ஒட்டிய உண்ணிகள் நோயைச் சுமந்து வந்திருக்கலாம் என்று அறிஞர்கள் ஐயுற்றனர்.

அந்த ஐயம்தான், வேடிக்கையாக, இந்தியப் பறவையியலுக்குப் பொருளுதவி பெற்றுத் தந்தது. 1959ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் பறவைகளை வலைவிரித்துப் பிடித்துக் காலில் வளையமிடும் பணியைப் பெரிய அளவில் தொடங்கினர். பிடிபட்ட பறவைகளிலிருந்து உண்ணிகளும் இரத்தமும் சேகரிக்கப்பட்டன. காரைக்காலுக்குத் தெற்கே, நாகையும் வேதாரண்யமும் கடந்தால் வரும் கோடியக்கரையும் பின்னர் இப்பணியின் முதன்மையான களங்களுள் ஒன்றாயிற்று. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்தின் உப்பளங்களிலும் சதுப்பிலும் பிடிபட்ட கொசு உள்ளான் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் காலில் மெல்லிய உலோக வளையம். அதில் ஓர் எண். கண்டெடுப்பவர் பம்பாய்க்குத் தெரிவிக்க வேண்டும் என்ற குறிப்பு. புலவரின் தூதுக்கும் இதற்கும் என்ன பெரிய வேறுபாடு என்று நமக்குத் தோன்றியதுண்டு.

அறுபதுகளில் அமெரிக்க இராணுவத்தின் மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவு, எலியட் மெக்ளூர் என்ற பறவையியலாளரின் தலைமையில் ஆசிய நாடுகள் பலவற்றில் இத்தகைய ஆய்வை நடத்தியது. பம்பாய்க் கழகத்துக்கும் அதன் பணம் வந்தது. வினை அங்கேதான் முளைத்தது. எந்தப் பறவை எந்த நோயை எங்கே கொண்டுசெல்லும் என்று ஓர் இராணுவம் அறிய விரும்புவது எதற்காக? 1974இல் பத்திரிகைகள் கேட்டன. 1975இல் ஜோதிர்மய் பாசு தலைமையிலான நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு, அயல்நாட்டுக் கூட்டு ஆய்வுகளைப் பற்றிய தன் அறிக்கையில், இவை உயிரியல் போருக்குப் பயன்படக்கூடும் என்ற அச்சத்தை எழுப்பியது. குழுவின் கேள்வி தவறன்று. பனிப்போர்க் காலத்தில் கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது. ஆனால் உழைத்த அறிஞர்களின்மீதும் நிழல் விழுந்தது என்பதே நம் வருத்தம்.

குற்றம் சாட்டப்பட்ட பறவைகளின் நிலை? கியாசனூர் நோயைச் சைபீரியாவிலிருந்து அவை கொண்டுவந்தன என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. காட்டை வெட்டி, வெட்டிய இடத்தில் மாடுகளை மேயவிட்டதால் உண்ணிகள் பெருகின என்ற விளக்கமே பின்னர் வலுப்பெற்றது.

மேற்சொன்னவை வைரஸ்கள். பாக்டீரியாக்களின் கதை சற்று வேறு. சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் முதலியவை காட்டுப் பறவைகளின் குடலில் கிடைக்கின்றன. இஸ்ரேலில் நீர்க்காகங்களின் குடலில் காலராக் கிருமியின் இனமே கண்டறியப்பட்டுள்ளது. அவ்வினத்தின் எல்லா வகையும் நோய் தருவதில்லை. அது கழிமுக நீரில் நுண்ணுயிர் மிதவைகளோடு இயல்பாக வாழ்வது. அந்நீரின் மீனைத் தின்ற பறவையிடம் அது இருப்பதில் வியப்பில்லை. ஆனால் 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது. மனித நடமாட்டம் அரிதான ஆர்க்டிக் பகுதியின் பறவைகளில், பல மருந்துகளுக்கும் அடங்காத ஈ.கோலை பாக்டீரியா இருந்தது. மருந்து உண்ணாத பறவைக்கு மருந்தை எதிர்க்கும் கிருமி எப்படி வந்தது? வலசைப் பாதையில் எங்கோ மனிதரின் கழிவிலிருந்து பெற்றிருக்க வேண்டும் என்றே ஆய்வாளர் கருதினர். அவை நமக்குக் கொடுத்ததைத் தேடப்போய், நாம் அவற்றுக்குக் கொடுத்ததைக் கண்டனர்.

அந்த மாணவரின் வினாவுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்துக் காரைக்காலே ஒரு விடை தந்தது. 2022 சூலைத் தொடக்கத்தில் வயிற்றுப்போக்கால் நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளை நிறைத்தனர். காலரா என்று உறுதியானது. புதுச்சேரி அரசு சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பள்ளி கல்லூரிகள் மூன்று நாள் மூடப்பட்டன. குடிநீர்க் குழாய்களின் கசிவு வழியே கழிவுநீர் கலந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. இலண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ஒரு தெருக்குழாயைச் சுட்டிக்காட்டிய ஆண்டு 1854. இடையில் நூற்று அறுபத்தெட்டு ஆண்டுகள்!

அது ஆனி மாதம். முகத்துவாரத்து உள்ளான்களில் ஏறத்தாழ எல்லாமே பங்குனி, சித்திரையிலேயே கிளம்பிவிட்டிருந்தன. ஆயிரக்கணக்கான கல் தொலைவில், வடபுலத்துச் சதுப்பில் அவை குஞ்சு பொரித்துக்கொண்டிருந்திருக்கும்.

அம்மாணவர் இப்போது படிப்பை முடித்து ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். சென்ற மார்கழியில் அவரோடு முகத்துவாரம் வரை நடந்தோம். நகரத்துச் சாக்கடை ஒன்று ஆற்றில் விழும் இடத்தில், கறுத்த சேற்றில் முப்பது நாற்பது உள்ளான்கள் விரைந்து விரைந்து இரை கொத்திக்கொண்டிருந்தன. ஒன்றின் காலில் வளையம் தெரிகிறதா என்று அவர் குனிந்து பார்த்தார். சேறு ஒட்டியிருந்ததால் தெரியவில்லை.