ஜெபமும் சத்திரசிகிச்சையும்: கொங்கோவின் பன்சி வைத்தியசாலை நமக்குச் சொல்வது

கொங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே, கிவு ஏரியின் கரையில் புக்காவு என்ற நகரம் இருக்கிறது. 1955 இல் அங்கே ஒரு பெந்தெகொஸ்தே போதகரின் மகனாகப் பிறந்தவர் டெனிஸ் முக்வெகே. சிறுவனாக இருந்தபோது, நோயுற்ற ஒரு குழந்தையைப் பார்க்கத் தந்தையோடு போனார். தந்தை ஜெபித்துவிட்டு எழுந்தார். ஏன் மருந்து கொடுக்கவில்லை என்று மகன் கேட்டான். மருந்து கொடுப்பது வைத்தியர்களின் வேலை, தன் வேலை ஜெபிப்பது என்றார் தந்தை. அப்படியென்றால் நான் வைத்தியராகிறேன் என்று அன்றே முடிவெடுத்ததாக முக்வெகே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

போரில் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு ஆற்றிய பணிக்காக, 2018 இல் யசீதி இனப் பெண்ணான நாடியா முராத்துடன் சேர்த்து அவருக்கு நோபல் சமாதானப் பரிசு வழங்கப்பட்டது.

லெமேராவிலிருந்து பன்சிக்கு

புரூண்டியில் மருத்துவம் படித்த முக்வெகே, லெமேரா என்ற மலைக்கிராமத்து வைத்தியசாலையில் பணியைத் தொடங்கினார். தூரத்துக் கிராமங்களிலிருந்து கால்நடையாக வரும் கர்ப்பிணிகள் பிரசவத்தில் இறப்பதைப் பார்த்த பிறகு, பிரான்ஸ் சென்று மகப்பேற்று மருத்துவம் பயின்று 1989 இல் திரும்பி வந்தார். 1996 ஒக்டோபர் 6 ஆம் திகதி லெமேரா வைத்தியசாலை தாக்கப்பட்டது. நோயாளர்கள் படுக்கையிலேயே கொல்லப்பட்டார்கள், தாதியரும் கொல்லப்பட்டார்கள். அன்று அங்கே இல்லாதபடியால் முக்வெகே உயிர் தப்பினார். வைத்தியசாலை தாக்கப்படுவது என்றால் என்னவென்று வன்னியில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1999 இல் புக்காவுவின் பன்சிப் பகுதியில் புதிய வைத்தியசாலை தொடங்கியது. மத்திய ஆபிரிக்கப் பெந்தெகொஸ்தே சபைகளின் ஒன்றியம் அதை நடத்தியது, சுவீடன் நாட்டுச் சபைகளின் உதவியும் கிடைத்தது. தாய்மார் பிரசவத்தில் இறப்பதைக் குறைப்பதே நோக்கம். ஆனால் முதலில் வந்த நோயாளி பிரசவத்துக்கு வந்தவர் அல்ல. வன்புணர்வு செய்யப்பட்டு, பின்னர் துப்பாக்கியால் சுடப்பட்ட பெண் அவர். அவருக்குப் பின் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த வைத்தியசாலையில் சிகிச்சை பெற்ற பாலியல் வன்முறைப் பாதிப்புக்குள்ளானோர் தொகை 50,000 ஐத் தாண்டியது.

நான்கு தூண்கள்

உடல் காயத்தை மட்டும் குணப்படுத்தி அனுப்பினால் போதாது என்பதை அங்கிருந்தவர்கள் விரைவிலேயே கண்டார்கள். குணமாகிப் போனவர்களில் சிலர் மீண்டும் தாக்கப்பட்டுத் திரும்பி வந்தார்கள். வேறு சிலரை வீட்டார் ஏற்கவில்லை. எனவே ஒரே இடத்தில் நான்கு உதவிகள் என்ற முறை உருவானது.

முதலாவது மருத்துவம். வன்முறையால் அல்லது நீண்ட பிரசவ வேதனையால் பிறப்புறுப்புக்கும் சிறுநீர்ப்பைக்கும் அல்லது மலக்குடலுக்கும் இடையே துவாரம் விழுவதை ஃபிஸ்டியூலா என்பார்கள். சிறுநீர் இடைவிடாமல் கசியும். அந்த நாற்றத்தைச் சொல்லியே பெண்ணை ஊர் ஒதுக்கிவிடும். சத்திரசிகிச்சையால் இதைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். பன்சி வைத்தியர்கள் இதில் உலகறிந்த நிபுணர்கள். தாக்கப்பட்ட பெண் 72 மணித்தியாலத்துக்குள் வந்தால் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தையும் தொடங்கலாம்.

இரண்டாவது உளவளத்துணை. மூன்றாவது சட்ட உதவி. நான்காவது, ஊருக்குத் திரும்பி உழைத்து வாழ்வதற்கான வழி.

தொற்காளின் பெயரில் ஒரு வீடு

நான்காவது தூணுக்கான இடங்களில் ஒன்று தொற்காள் இல்லம். வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 9 ஆம் அதிகாரத்தில் வரும் தபீத்தாள்தான் தொற்காள். யோப்பாவில் விதவைகளுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தவர். அவர் இறந்தபோது, அவர் தைத்த அங்கிகளை விதவைகள் அழுதபடி எடுத்துக் காட்டினார்கள் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

வீடு திரும்ப முடியாத பெண்களும் அவர்களின் பிள்ளைகளும் இந்த இல்லத்தில் தங்குகிறார்கள். எழுத்தறிவு, தையல், கூடை பின்னுதல், சவர்க்காரம் செய்தல் எனப் பயிற்சிகள் உண்டு. கிராமத்துக்குத் திரும்பியவர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து தங்கள் காசைச் சேமித்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். வடக்கு கிழக்கில் ஒரு தையல் இயந்திரத்தைக் கொடுத்துப் படம் எடுத்துப் போன நிறுவனங்களையும், பிறகு வாசலுக்கு வந்த நுண்கடன் வசூலிப்போரையும் கண்டவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும்.

இந்தப் பணி சபைக்குள் மட்டும் நிற்கவில்லை. அமெரிக்க நாடக எழுத்தாளர் ஈவ் என்ஸ்லர், கொங்கோவின் கிறிஸ்டின் ஷூலர் டெஷ்ரிவர் ஆகியோருடன் சேர்ந்து 2011 இல் 'மகிழ்ச்சி நகரம்' என்ற நிலையம் திறக்கப்பட்டது. ஒரு தடவைக்கு 90 பெண்கள் ஆறு மாதம் அங்கே தங்கிப் பயில்கிறார்கள்.

அன்னாசி விற்ற பெண்கள்

2012 ஒக்டோபரில் ஆயுததாரிகள் முக்வெகேயின் வீட்டுக்குள் புகுந்தார்கள். அவரைக் காப்பாற்ற முனைந்த அவரது நீண்டகாலப் பணியாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். முக்வெகே குடும்பத்துடன் நாட்டைவிட்டு வெளியேறினார். கிவு ஏரியிலுள்ள இஜ்வி தீவின் பெண்கள் அவரைத் திரும்ப வரச்செய்யும்படி அரசாங்கத்துக்கு எழுதினார்கள், பலனில்லை. பிறகு அன்னாசியும் வெங்காயமும் விற்று, அவருடைய விமானச் சீட்டுக்குக் காசு சேர்க்கத் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு ஒரு டொலர்கூட வருமானமில்லாத பெண்கள் அவர்கள். 2013 ஜனவரியில் அவர் திரும்பியபோது, விமான நிலையத்திலிருந்து வரும் வீதியோரம் பெண்கள் திரண்டு நின்று வரவேற்றார்கள்.

நம்பிக்கை யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற கேள்விக்கு இந்தச் சம்பவத்தில் ஒரு பதில் உண்டு. உதவி பெற்றவர்களே, உதவி செய்தவரை மீட்டெடுத்தார்கள்.

சபையின் மௌனமும் நீதியும்

முக்வெகே இன்றும் பிரசங்கம் செய்பவர். ஆனாலும் சபைகளை அவர் தப்பவிடுவதில்லை. 2017 இல் நமீபியாவில் நடந்த உலக லூத்தரன் சம்மேளனத்தின் பேரவையில் உரையாற்றியபோது, பெண்களை நசுக்கும் ஆணாதிக்கத்தைத் துரத்துவது சபையின் கடமை என்று வெளிப்படையாகவே சொன்னார். பாதிக்கப்பட்ட பெண்ணிடம் 'மன்னித்துவிடு, வெளியே சொல்லாதே' என்று மட்டும் சொல்லும் விசுவாசம் குற்றவாளிக்கே துணைபோகிறது.

சட்ட உதவி வெறும் சொல்லாக நிற்கவில்லை. புக்காவுக்கு அருகிலுள்ள கவுமுவில் சுமார் 40 சிறுமிகள் இரவில் கடத்தப்பட்டு வன்புணர்வுக்கு உள்ளானார்கள். பன்சியில் சிகிச்சை பெற்ற அவர்களின் மருத்துவச் சான்றுகள் நீதிமன்றம் வரை போயின. 2017 டிசம்பரில் இராணுவ நீதிமன்றம் ஒரு மாகாணசபை உறுப்பினர் உட்பட 11 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

ஆனால் பெரிய குற்றங்கள் அப்படியே கிடக்கின்றன. 1993 முதல் 2003 வரை கொங்கோவில் நடந்த 617 பாரிய மீறல்களை ஐ.நா. 2010 இல் அறிக்கையாக வெளியிட்டது. விசாரிக்க இன்னும் சர்வதேச நீதிமன்றம் அமைக்கப்படவில்லை. 2015 இல் இலங்கை பற்றி வெளியான ஐ.நா. விசாரணை அறிக்கையும் பாலியல் வன்முறையைப் பதிவு செய்தது. அதற்குப் பின் நடந்ததை நாம் அறிவோம்.

நம் ஊரில் ஒரு பங்கோ, சபையோ, கோயிலோ, நிறுவனமோ பெண்களுக்கு உதவ முன்வரும்போது, இந்த நான்கையும் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். மருத்துவ உதவி இருக்கிறதா? இரகசியம் காத்து, பொறுமையோடு கேட்பவர் இருக்கிறாரா? வழக்குப் போட நினைத்தால் கூட வருவார்களா? கடனில் தள்ளாத தொழில் இருக்கிறதா?

2025 பெப்ரவரியில் எம்23 ஆயுதக் குழு புக்காவுவைக் கைப்பற்றியது. கிழக்குக் கொங்கோவில் போர் முடியவில்லை. தொடங்கி கால் நூற்றாண்டு கடந்த பின்னும் பன்சியின் வாசலுக்குப் பெண்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.