கூரைக்கு மேலே ஒரு மூடி

புகையில்லா அடுப்பு என்றதும் நம் பார்வை அடுப்பிலேயே நின்றுவிடுகிறது. கூரைக்கு மேலே, புகைபோக்கியின் உச்சியில் உள்ள மூடியை எண்ணுவதில்லை. அது இல்லாவிட்டால் மழைநீர் குழாய்வழி இறங்கி மண்ணடுப்பைக் கரைக்கும். எதிர்க்காற்று புகையைச் சமையலறைக்கே திருப்பும். பறவைக்கூடு வழியை அடைக்கும். விலை கொடுப்பவை சமைப்பவளின் கண்ணும் நுரையீரலும்.

1980களின் தொடக்கத்தில் ஹரியானாவின் நாடா கிராமத்தில், கட்டடக் கலைஞர் மது சரீன் அவ்வூர்ப் பெண்களோடு சேர்ந்து புகைபோக்கி வைத்த அடுப்பொன்றை உருவாக்கினார். 'நாடா சூலா' என்று அது பெயர் பெற்றது. அதைக் கட்டவும் பராமரிக்கவும் பெண்களே பயிற்சி பெற்றார்கள். மெழுகுவது பெண் வேலை, கொத்து ஆண் வேலை என்ற பிரிவினை அங்கே தளர்ந்தது.

1983இல் மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தை நடுவண் அரசு தொடங்கியது. 2002இல் அது முடிவதற்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கணக்கில் ஏறின. எண்ணிக்கைக்கு இலக்கு இருந்தது. பராமரிப்புக்கு ஏற்பாடு போதவில்லை. குழாய்கள் அடைத்துக்கொண்டன, அடுப்புகள் பல கைவிடப்பட்டன.

அடுப்படி பெண்ணின் இடம், கூரை ஆணின் இடம் என்று வீட்டைப் பிரித்து வைத்திருக்கிறோம். மூடி பெயர்ந்தால், அதைச் சரிசெய்ய ஓர் ஆண் ஏறும்வரை அவள் புகைக்குள் காத்திருக்க வேண்டும். ஏணியும் கொத்துக்கரண்டியும் அவள் கைக்கு வந்தால் அந்தக் காத்திருப்பு முடியும்.